நாய்ப் பயிற்சியை முழுநேரத் தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். நாய்களைப் பிடிக்கும் என்பதற்காக இறங்குபவரைவிட, மனிதர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கே இந்தத் தொழில் சோறு போடும். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் நாய் உங்களோடு இருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் அதை வளர்ப்பவர் கையில் இருக்கிறது. அவர் கற்றுக்கொள்ளாவிட்டால் நீங்கள் கற்றுக்கொடுத்தது எதுவும் நிற்காது.

முதலில் நேரக் கணக்கு. வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தால், போய்வர ஒரு மணி, குறிப்பு எழுதவும் தொலைபேசியில் பேசவும் அரை மணி. ஆக, காசு வருகிற ஒரு மணிக்கு இரண்டரை மணி நேரம் செலவாகிறது. ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு எடுக்கலாம், இழுத்துப் பிடித்தால் நான்கு. அதுவும் எல்லோரும் மாலையிலும் விடுமுறை நாளிலும்தான் கேட்பார்கள். வாரம் 15 வகுப்பு நடக்கும் என்று நினைத்தால் 12 என்றே கணக்குப் போடுங்கள். மாதம் 48. குடும்பச் செலவு, எரிபொருள், ட்ரீட் (நாய்க்குப் பரிசாகத் தரும் தின்பண்டம்), காப்பீடு, பழுதாகும் சாமான் எல்லாவற்றையும் கூட்டி 48-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் குறைந்தபட்சக் கட்டணம். அக்கம்பக்கத்தில் வாங்குவதில் பாதி வாங்குகிறேன் என்று தொடங்குபவர்கள் ஓயாமல் ஓடுவார்கள், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்காது.

ஒற்றை வகுப்பாக விற்காதீர்கள். ஒரு முறை வந்துவிட்டு, வீட்டில் எதுவும் செய்யாமல், பயிற்சி பலிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து அல்லது ஆறு வகுப்பு கொண்ட தொகுப்பாக, முன்பணம் வாங்கிக்கொண்டு நடத்துங்கள். முதல் வகுப்பு 90 நிமிடம், அடுத்தவை 7 முதல் 10 நாள் இடைவெளியில். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் அந்த வகுப்பு கழியும் என்று எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாய் இத்தனை நாளில் மாறிவிடும் என்று எழுத்திலும் பேச்சிலும் உத்தரவாதம் தரவே கூடாது.

போவதற்கு முன்பே ஒரு படிவம் அனுப்புங்கள்: வயது, தடுப்பூசி, சாப்பாடு, நடைக்கு அழைத்துப்போவது யார், யாரையாவது கடித்திருக்கிறதா, தோல் கிழிந்ததா, கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது. வளர்ந்த நாய் திடீரென்று சீற ஆரம்பித்திருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி இருக்கிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. வலியைப் பிடிவாதம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நாய் படும் பாட்டை நினைத்தாலே மனம் கேட்காது.

இனி வகுப்பு. முதல் பத்து நிமிடம் நாயைத் தொடாமல் வளர்ப்பவரைக் கவனியுங்கள். உட்காரச் சொல்லி "சிட், சிட், சிட்" என்று அடுக்குவார். நாய் மூன்றாவது "சிட்"டுக்கு உட்காரும், ஏனென்றால் மூன்று முறை சொல்வதுதான் அதற்கு உத்தரவு. அவர் கையையும் பாருங்கள். சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கை ட்ரீட் பைக்குள் போயிருக்கும். நாய் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, சொல்லைக் கேட்கவே இல்லை. பிறகு, கையில் ட்ரீட் இல்லையென்றால் பேச்சே கேட்பதில்லை என்று குறைசொல்வார்.

இதைத் திருத்த நாயை ஓரமாகக் கட்டிவிட்டு ஒரு பந்தை எடுங்கள். அதைக் கீழே போடுங்கள். பந்து தரையைத் தொடும் அந்தக் கணத்தில் அவர் "எஸ்" சொல்ல வேண்டும். நாய் சரியாகச் செய்த கணத்தை அதற்குக் காட்டும் சொல் இதுதான். பத்து முறை போடுங்கள். முதல் நான்கைந்து முறை தாமதமாகும், பிறகு பிடிபடும். அதற்கப்புறம் நாயைக் கொண்டுவாருங்கள். இரண்டு கையும் தொடையோரம், சொல் ஒரே முறை, இரண்டு நொடி பொறுமை. பின்பக்கம் தரையில் பட்டதும் "எஸ்". அதற்குப் பிறகுதான் கை பைக்குப் போக வேண்டும். ட்ரீட் பட்டாணி அளவு போதும். அந்த அளவைத் தினசரிச் சாப்பாட்டில் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வயிறு கெட்டு, பழி பயிற்சியின் மேல் விழும்.

ஐந்து ஐந்தாகச் செய்யுங்கள். ஐந்துக்கு ஐந்தும் சரியென்றால் கடினத்தை ஒரு படி கூட்டுங்கள், மூன்றோ நான்கோ என்றால் அதே படி, இரண்டோ அதற்குக் கீழோ என்றால் எளிதாக்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. வீட்டுப்பாடம் ஒரே ஒரு பக்கம், இரண்டு பயிற்சிக்கு மேல் வேண்டாம். 60 நிமிட வகுப்பில் 40 நிமிடமாவது லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) வளர்ப்பவர் கையில் இருக்கட்டும்.

இழுத்தால் குத்தும் காலர், மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர் வேண்டாம். உறுமலுக்குத் தண்டனை வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். வேல்ஸ் நாடு 2010-லேயே ஷாக் காலரைத் தடைசெய்துவிட்டது. ஆழமாகக் கடித்த வரலாறு உள்ள நாயை ஆரம்பத்தில் ஏற்காதீர்கள், அனுபவசாலியிடம் அனுப்பிவிடுங்கள்.

வருமானத்தைக் கூட்டக் குழு வகுப்பு நல்ல வழி. ஆறு நாய், ஓர் உதவியாளர், ஆறு வாரம். நாய்களுக்கிடையே மூன்று மீட்டராவது இடைவெளி. முதல் வாரம் நாய் இல்லாமல் ஆட்கள் மட்டும் வரட்டும். மற்ற நாய்களைக் கண்டு கத்தும் நாயைக் குழுவில் சேர்த்தால் ஆறு பேரின் காசும் வீண்.

குட்டிகளை மூன்று மாதம் வரை வீட்டிலேயே பூட்டிவைத்தால் பழகும் பருவம் கைநழுவிவிடும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளான, பூச்சி மருந்து கொடுத்த குட்டிகளை எட்டு வார வயதிலிருந்தே குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம். வகுப்புக்கு முன்னும் பின்னும் தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிடுங்கள்.

நாயை உங்கள் வீட்டிலேயே வைத்துப் பழக்கித் திருப்பிக் கொடுப்பதில் பணம் அதிகம். ஆனால் தப்பி ஓடினாலும் நோய் வந்தாலும் பொறுப்பு உங்களுடையது. வீடு திரும்பியதும் நாய் பழையபடி ஆவதும் சகஜம். முதல் இரண்டு ஆண்டு அதைத் தொடாதீர்கள் என்பேன். பிறகு செய்தாலும், நாயைத் திருப்பிக் கொடுக்கும்போது வளர்ப்பவருக்கு எடுக்கும் ஒப்படைப்பு வகுப்பு குறைந்தது மூன்றையும் சேர்த்தே கட்டணம் வையுங்கள்.

பல நாடுகளில் உரிமம் எதுவும் இல்லாமலே பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆனாலும் தேர்வு எழுதுவது நல்லது. நாய்ப் பயிற்சியாளர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சி.பி.டி.டி-கே.ஏ.-வுக்குக் (CPDT-KA) கடந்த மூன்று ஆண்டில் 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் கேட்கிறார்கள். ஒரு நல்ல பயிற்சியாளரிடம் உதவியாளராகவும், நாய்க் காப்பகத்தில் தன்னார்வலராகவும் இருந்தால் அது சேரும். பல இன, பல குண நாய்கள் கையில் பழகுவதும் அங்கேதான்.

விளம்பரத்தைவிடக் கால்நடை மருத்துவர்தான் ஆட்களை அனுப்புவார். அவர் அனுப்பிய ஒவ்வொரு நாய்க்கும் தொகுப்பு முடிந்ததும், வளர்ப்பவரின் சம்மதத்தோடு அரைப் பக்கம் எழுதி அவருக்கு அனுப்புங்கள்: எதற்காக வந்தது, என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறது, மருத்துவ மேசையில் எப்படிப் பிடித்தால் அடங்கி நிற்கும். அந்தக் கடைசி வரியைத்தான் அவர் முதலில் படிப்பார்.