மசாஜ் கடையில அத்துமீறல்: 5 வாரம் கழிச்சு ரிப்போர்ட் குடுத்தா எடுபடுமா?

நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்து செம்பனைத் தோட்டத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கி தோள்பட்டை பிடிச்சுக்கிச்சாம், டவுன்ல ஒரு மசாஜ் கடைக்கு போயிருக்காங்க. மொத 20 நிமிஷம் ஒழுங்காதான் பிடிச்சிருக்கான், அப்புறம் "இங்கதான் நரம்பு முடிச்சு போட்டிருக்கு"ன்னு சொல்லி டவல விலக்கி மார்புல கை வச்சிருக்கான், தொடைப் பக்கமும் போயிருக்கான். "நான் கல்லு மாதிரி படுத்திருந்தேன் அக்கா, கத்தல, காசையும் கட்டிட்டு வந்துட்டேன், 5 வாரம் ஆச்சு, வீட்டுக்காரருக்கு தெரியாது. இப்ப ரிப்போர்ட் குடுத்தா எடுபடுமா, வேற என்ன வழி இருக்கு"ன்னு கேட்டிருக்காங்க.

எடுபடும் தங்கச்சி. நம்ம நாட்டுல இந்த மாதிரி கிரிமினல் குற்றத்துக்கு இத்தன நாளைக்குள்ள ரிப்போர்ட் குடுத்தே ஆகணும்னு கெடு கிடையாது. "ஏன் 5 வாரம் சும்மா இருந்தீங்க"ன்னு கோர்ட்டுல அவன் வக்கீல் கண்டிப்பா கேப்பாரு, அதுக்கு உங்க பதில், பயமோ வெக்கமோ வீட்டுல என்ன ஆகுமோங்கற கவலையோ எதுவா இருந்தாலும், அத இப்பவே வாக்குமூலத்துல சொல்லிடணும், பின்னாடி யோசிச்சுக்கலாம்னு விடக்கூடாது.

கத்தாம இருந்தது சம்மதம் ஆகாது. உடம்பு விறைச்சுப் போறது எத்தனையோ பேருக்கு நடக்குறதுதான், அத நினைச்சு உங்களையே திட்டிக்காதீங்க. தோள்பட்டைக்கு நீங்க குடுத்த சம்மதம் தோள்பட்டையோட சரி. பயத்துலயோ தப்பா நம்பவச்சதாலயோ குடுத்த சம்மதம், அது அவனுக்கும் தெரிஞ்சிருந்தா, சம்மதமே இல்லன்னு தண்டனைச் சட்டம் 90வது பிரிவு சொல்லுது. வைத்தியம்னு நினைச்சு அசையாம படுத்திருந்ததும் இந்தக் கணக்குலதான் வரும்.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கிற விஷயம். ஸ்டேஷனுக்கு பல பெண்கள் கூட நான் போயிருக்கேன். கவுண்டர்ல உக்காந்ததும் நம்ம பொண்ணுங்க வாயிலேர்ந்து வர்றது "அவன் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான் சார்", அவ்வளவுதான், அதுக்கு மேல நாக்கு எழாது. எழுதுற போலீஸ்காரர் அத மலாய்ல "தீடாக் செனோனோ"ன்னு ஒரு வரியில தட்டி முடிச்சிடுவாரு, அதாவது நாகரிகம் இல்லாத நடத்தைன்னு. அந்த வரிய படிக்கிறவங்களுக்கு அவன் கண்ணடிச்சானா, கெட்ட வார்த்தை பேசினானா, தொட்டானா எதுவுமே தெரியாது. ஒருதடவ ஒரு அம்மா கையெழுத்து போடப் போற நேரத்துல, "அம்மா, அவன் எந்தக் கைய எங்க வச்சான்னு இதுல இருக்கா"ன்னு கேட்டேன். இல்ல. திரும்ப உக்காந்து, வலது கை, இடது மார்பு, டவலுக்கு உள்ள, ரெண்டு தடவன்னு அவங்க சொல்லச் சொல்ல மலாய்ல "மெராபா", தடவினான், அப்படின்னு ஏறிச்சு. அப்பதான் அது ரிப்போர்ட்டு.

ஏன்னா எந்தப் பிரிவுல கேஸ் போகும்னு அந்த வார்த்தைங்கதான் வழிகாட்டுது. வெறும் பேச்சு, சைகைன்னா 509வது பிரிவு, அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். மானபங்கப்படுத்துற நோக்கத்தோட தொட்டா 354, ஜெயில் 10 வருஷம் வரைக்கும் போகலாம், அபராதமோ பிரம்படியோ சேரலாம். இந்த 354 ஆம்பள பொம்பள பாக்காது, இதே மாதிரி மாட்டுன தம்பிங்களும் தாராளமா குடுக்கலாம், யாரும் சிரிக்கக்கூடாது. விரலையோ வேற எதையாவதோ பெண்ணுறுப்புலயோ ஆசனவாய்லயோ விட்டிருந்தா அது 377சிஏ, 20 வருஷம் வரைக்கும், பிரம்படியும் உண்டு. உங்க லெட்டர்ல "தொடைப் பக்கமும் போனான்"னு நிறுத்திட்டீங்க. அதுக்கு மேல ஏதாவது நடந்திருந்தா என்கிட்ட சொல்லணும்னு இல்ல, ஆனா விசாரணை அதிகாரிகிட்ட மறைக்காதீங்க. அதையும் தாண்டி உடலுறவு வரைக்கும் போயிருந்தா அது பாலியல் வன்புணர்வு, தொழில்முறை உறவையும் நம்பிக்கையையும் வச்சு வாங்கின சம்மதம் செல்லாதுன்னு 375வது பிரிவுலயே எழுதியிருக்கு.

அதனால இன்னைக்கு ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் ஒரு நோட்டுல தமிழ்லயே எழுதுங்க: தேதி, மணி, எந்த ரூம், கதவு பூட்டியிருந்துச்சா, என்ன சொன்னான், கை எங்கெங்க போச்சு, வெளிய வந்து யாருகிட்ட முதல்ல சொன்னீங்க. ரசீது, வாட்ஸ்அப்ல புக் பண்ண மெசேஜ் எல்லாம் பத்திரம். கடையில கேமரா இருந்தா ரிப்போர்ட் குடுக்கும்போதே சொல்லிடுங்க, பழைய பதிவு அழிஞ்சுகிட்டே வரும். எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், பாலியல் கேஸுக்குன்னு போலீஸ்ல டி11ங்கற தனி இலாகா இருக்கு, பெண் அதிகாரி வேணும்னு கேளுங்க, மலாய் தடுமாறினா மொழிபெயர்க்க ஆள் கேளுங்க. வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம்தான் கையெழுத்து. ஏதாவது விட்டுப்போச்சுன்னா பின்னாடி வாக்குமூலத்துல சேக்கலாம். 4 வாரம் ஆகியும் சத்தமே இல்லன்னா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவுல விசாரணை எந்த நிலையில இருக்குன்னு எழுதிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கேட்ட 2 வாரத்துல அவங்க பதில் குடுக்கணும். இத நிறைய பேரு தெரியாமயே காத்துக்கிட்டு கிடக்கறாங்க.

உங்களுக்கு 5 வாரம் ஆயிடுச்சு, ஆனா இத படிக்கிற வேற யாருக்காவது நேத்துதான் நடந்திருந்தா: குளிக்காதீங்க, போட்டிருந்த துணிய துவைக்காம காகிதப் பையில போட்டு, நேரா அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு போய் ஒஎஸ்சிசின்னு கேளுங்க, இந்த மாதிரி பாதிக்கப்பட்டவங்களுக்கு வேண்டிய உதவி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கிற மையம் அது. கர்ப்பத் தடுப்பு மருந்து, எச்ஐவி தடுப்பு மருந்து எல்லாம் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும்.

போலீஸ் வழி மட்டும்தான்னு இல்ல. 2022ல பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் வந்துச்சு, அதுல அமைஞ்ச தீர்ப்பாயம் 2024 மார்ச்லேர்ந்து புகார் வாங்குது. பொதுவா ரெண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது, மூடிய அறையில விசாரணை, விசாரணை தொடங்கி முடிஞ்சவரைக்கும் 60 நாளுக்குள்ள முடிவு, 250,000 வெள்ளி வரைக்கும் நஷ்டஈடு, மன்னிப்பும் கேக்க வைக்கலாம். வக்கீலுக்கு காசு இல்லாத தோட்டத்து சனத்துக்கு இது உண்மையிலயே பெரிய விஷயம். ஆனா ஒண்ணு, அவனை ஜெயிலுக்கு அனுப்பணும்னா அது போலீஸ் வழியிலதான்.

சிவில் வழக்கும் போடலாம். பாலியல் தொல்லைக்கே தனியா வழக்கு போடலாம்னு 2016ல கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு, தீபகற்பத்துல பொதுவா 6 வருஷ கெடு, கடை முதலாளியையும் சேத்து இழுக்க வழி இருக்கான்னு பாக்கலாம். தீர்ப்பாயமும் சிவில் வழக்கும் ஒரே விஷயத்துக்கு ஒண்ணா ஓட்ட முடியாம போகலாம், அதனால எதுலயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையத்துல ஒருவாட்டி பேசிடுங்க. கடை லைசென்ஸ் பத்தி மாவட்ட, நகராட்சி மன்றத்துலயும் புகார் குடுக்கலாம். ஆளு பதிவு பெற்ற பாரம்பரிய மருத்துவர்னா சுகாதார அமைச்சு பக்கமும் போகலாம்.

முதலாளி வீட்டுக்கு வந்து "செட்டல் பண்ணிக்கலாம்மா, ரிப்போர்ட்ட மீட்டுக்கோங்க"ன்னு கவர நீட்டினா வாங்காதீங்க, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வேணாம். கேஸ் நடத்துறதா வேணாமான்னு முடிவு பண்றது அரசு தரப்பு, அவரு இல்ல. அவன் போட்டோவ ஃபேஸ்புக்ல போடணும்னு கோவம் வரும், வரத்தான் செய்யும், ஆனா போடாதீங்க, அவதூறு கேஸ்னு அவன் உங்க மேலயே திருப்புவான்.

வீட்டுக்காரருக்கு எப்ப சொல்றதுன்னு நீங்கதான் முடிவெடுக்கணும், ரிப்போர்ட் குடுக்க அவர் சம்மதம் தேவையில்ல. தனியா போக பயமா இருந்தா அக்காவோ நம்பிக்கையான கூட்டாளியோ ஒருத்தரு கூட வரட்டும். ராத்திரி தூக்கம் வராம தவிச்சா 15999க்கு போன் பண்ணுங்க, தாலியான் காசிஹ்னு அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. நோட்டுல எழுதி முடிச்சதும் எனக்கு திரும்ப எழுதுங்க, ஸ்டேஷனுக்கு போறதுக்கு முன்னாடி அத நாம ரெண்டு பேரும் சேந்து ஒருவாட்டி படிச்சுப் பாப்போம்.