லெசேசியில் கார் இல்லாமல் ஒரு நாள்

கார் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, பிரான்ஸின் லெசேசி ஊரில் ஒரே நாள், ஆனாலும் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையைப் பார்க்கணும் என்கிறீர்கள். லாஸ்கோவை விட்டுவிடுங்கள். அசல் குகையை 1963லேயே மூடிவிட்டார்கள். குகை இருக்கும் மோந்தின்யாக் ஊரில் இப்போது காட்டுவது நகல். அங்கே ரயிலும் போகாது.

ஃபோன் த கோம் குகை ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான், ஓவியங்களும் அசல். ஒரு ஓவியத்தில் ஆண் பனிமான் ஒன்று குனிந்து, மண்டியிட்ட பெண்மானின் நெற்றியை நக்கும். வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் நாக்கு தெரியும். டிக்கெட் குறைவாகத்தான் தருவார்கள், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வாசல் வரை நல்ல ஏற்றம். அம்மா அந்த நேரம் பாறையடியில் இருக்கும் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். அப்புறம் சாயங்காலம் இருவரும் வெசேர் ஆற்றங்கரையில் மெதுவாக நடக்கலாம்.