ஊசி குத்தி 18 நாள் ஆகிவிட்டது… இனி என்ன செய்வது?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளராக இருக்கிறேன். வயது 34. சிவப்புக் கழிவுப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி, கையுறையைத் துளைத்து விரலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிதுக்கிவிட்டு ஸ்பிரிட் தடவினேன். 'ஒண்ணும் ஆகாது' என்றார் சூப்பர்வைசர். 18 நாள் ஆகிறது; எய்ட்ஸ் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

பதில்: ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? எச்.ஐ.வி.யைவிட எனக்கு இதுதான் கவலை. எச்.ஐ.வி. உள்ளவரைக் குத்திய ஊசியே குத்தினாலும் 1,000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். ஹெபடைடிஸ் சி, 100-க்கு 2 பேருக்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி-யோ, தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றும். காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும். இதெல்லாம் அந்த நோயாளிக்குத் தொற்று இருந்திருந்தால் என்ற கணக்கு. யாருடைய ஊசி என்றே தெரியாத உங்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினுக்கு (உடனடிப் பாதுகாப்பு தரும் தயார் எதிர்ப்புப் புரத ஊசி) 7 நாள்தான் கெடு. இரண்டும் தாண்டிவிட்டன. தடுப்பூசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது: இன்று, 1 மாதம் கழித்து, 6-ஆம் மாதம் என மேற்கையில் போட வேண்டும். ஏற்கெனவே மூன்றும் போட்டிருந்தால் ஆன்டி-எச்.பி.எஸ். (ரத்தத்தில் பி-க்கு எதிரான பாதுகாப்பு) அளவு பாருங்கள், 10-க்கு மேல் இருந்தால் பி-யை மறந்துவிடலாம்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே தடுப்பூசி போடுங்கள். முதலில் ஊசி போட்டுவிட்டால் எச்.பி.எஸ்.ஏஜி. (ஹெபடைடிஸ் பி தொற்றைக் காட்டும் சோதனை) சில நாள் பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். அதோடு எச்.ஐ.வி., எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) ஆன்டிபாடியும் இன்றே பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி.யை, குத்திய நாளிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். 6-ஆம் வாரம் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. (வைரஸையே தேடும் சோதனை) பாருங்கள்; ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் 12 வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். 6-ஆம் மாதம் பி, சி இரண்டையும் மறுபடி பாருங்கள். நடுவில் காய்ச்சல், நெறிகட்டு, அடர் மஞ்சள் சிறுநீர் எது வந்தாலும் உடனே போங்கள்.

கணவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். 3 மாத ரிசல்ட் வரும்வரை ஆணுறை தேவை. 6 மாதம் ரத்ததானம் வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடுவதிலோ பிள்ளைகளைக் கொஞ்சுவதிலோ பயமில்லை.

இனி குத்தினால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே கேஷுவால்டிக்குப் போங்கள். பை முக்கால் நிறைந்ததுமே கழுத்தைப் பிடித்துக் கட்டுங்கள். இடம் பண்ண அமுக்குவதும், அடியில் கை கொடுத்துத் தூக்குவதும்தான் குத்து வாங்கித் தருகின்றன.

சிவப்புப் பையில் ஊசி கிடந்தது உங்கள் தவறல்ல. 2016 கழிவு விதிப்படி அது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டியது. வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போட்டவர் ஊசியை உருவி டியூபோடு வீசியிருப்பார். தடுப்பு மருந்துக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை என்று 2017 எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. 18 நாள் கழிந்தாலும் இன்றே எழுதிக் கொடுத்து, தேதியோடு நகல் வாங்குங்கள். பின்னால் ஏதாவது தெரியவந்தால், அது வேலையில் வந்தது என்று காட்ட அந்தத் தாளும் இன்றைய நெகட்டிவ் ரிப்போர்ட்டும்தான் உங்கள் கையில் இருக்கும்.