பேரிடர் மீட்புக்கான கைப்பேசிச் செயலியை வடிவமைப்பவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி அடையாறு கரை மீறியபோது, உதவி கேட்டு வந்த செய்திகளைத் தொலைபேசியில் சரிபார்த்த தன்னார்வலர்களில் நானும் ஒருவன். கோரிக்கை எப்படி வந்து சேர்கிறது என்பதைவிட, அது எப்படி முடித்துவைக்கப்படுகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து.

முதல் மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் சிக்கியிருப்பதாகப் பல வாட்ஸ்அப் குழுக்களில் வந்த எண்ணை நான் அழைத்தபோது, "முந்தாநாளே படகுல கூட்டிட்டு வந்துட்டாங்க சார், காலையிலேர்ந்து எல்லாரும் இதையே கேக்குறாங்க" என்றார் அவருடைய கணவர். மின்சாரம் இல்லாத ஊரில் அவர் கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜை எங்கள் அழைப்புகளே தீர்த்துக்கொண்டிருந்தன. ஆகவே, ஒரே தொலைபேசி எண்ணுடன் வரும் கோரிக்கைகளைச் செயலி ஒன்றாக இணைக்க வேண்டும். கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்பதைக் காட்ட வேண்டும். மீட்கப்பட்டவுடன் அந்த எண்ணைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட வேண்டும்.

2018 கேரள வெள்ளத்தில், தன்னார்வ நிரலாளர்களின் உழைப்பில் அரசு நடத்திய 'கேரளா ரெஸ்க்யூ' தளத்துக்கு உதவி கேட்டு எழுதியவர்களில் வெளிநாடுகளிலிருந்த உறவினர்களும் இருந்தனர். துபாயிலிருக்கும் மகன் செங்கன்னூரிலுள்ள பெற்றோருக்காக எழுதும்போது, செயலி தானாக எடுத்துக்கொள்ளும் இருப்பிடம் துபாயையே காட்டும். எனவே, 'சிக்கியிருப்பவர் நீங்களா, வேறொருவரா?' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இணையம் அறுந்தாலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேரும். ஆனால் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளையே கொள்ளும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு நான்கு எழுத்தான 'வெள்ளம்' அங்கே ஏழாகிவிடுகிறது. மக்கள் தமிழில் தொட்டுத் தேர்ந்தெடுப்பதை, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆட்களின் எண்ணிக்கை, தேவைக்கான குறி எண் என வெறும் இலக்கங்களாக்கிச் செயலியே அனுப்பிவிடலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால் கைப்பேசிக் கோபுரம் விழுந்தாலும் இருப்பிடம் கிடைக்கும்; வரைபடத்தை மட்டும் மழைக்காலத்துக்கு முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

நீரின் உயரத்தை அடிக்கணக்கில் கேட்காமல் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று கேளுங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்காது என்பதால் பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.