லாட்டரி எண்களை டெரன் பிரவுன் முன்கூட்டியே சொன்னாரா?

லாட்டரி எண்களை டெரன் பிரவுன் என்ற மேஜிக் கலைஞர் டிவியில் முன்கூட்டியே சொன்னது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னார் என்பதைவிட, சொன்னதாகக் காட்டினார் என்பதே சரி.

2009 செப்டம்பர் 9, பிரிட்டனின் சேனல் 4. ஸ்டாண்டில் ஆறு வெள்ளைப் பந்துகள், எண்கள் தெரியாதபடி திரும்பியிருந்தன. பக்கத்து டிவியில் பிபிசியின் குலுக்கல்: 2, 11, 23, 28, 35, 39. பிரவுன் அவற்றை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் பந்துகளைத் திருப்பினார். அச்சு அசலாக அதே எண்கள்! குலுக்கலுக்கு முன்பே ஏன் காட்டவில்லை என்பதற்கு, முடிவை முதலில் அறிவிக்கும் உரிமை பிபிசிக்கே என்று சாக்குச் சொன்னார்.

24 பேரின் ஊகங்களைச் சராசரி எடுத்ததாகப் பிறகு விளக்கினார். சும்மா கதை. 1 முதல் 49 வரை ஊகிக்கச் சொன்னால் சராசரி 25 பக்கம்தான் வரும். 2 எப்படி வரும்?

திரையைப் பிரித்து, ஒரு பாதிப் படத்தை உறையவைத்த நேரத்தில் உதவியாளர் பந்துகளை மாற்றியிருப்பார் என்பதே பலரின் ஊகம். இடது ஓரப் பந்து சட்டென்று லேசாக உயர்வதை வீடியோவில் பார்க்கலாம்.

மேடையில் பல கணிப்பு வித்தைகளிலும் இதே சூத்திரம்தான். விடை தெரிந்த பிறகே 'கணிப்பு' எழுதப்படும். யாருக்கும் தெரியாமல் எழுத, கட்டைவிரல் நகத்தில் ஒட்டிய துளிப் பென்சில் முனை போதும்.