கட்டட இடிபாடுகளுக்கு டம்ப்ஸ்டர்: நியாயமான வாடகையை எப்படி அறிவது?

அமெரிக்காவில் வீட்டைப் புதுப்பிக்கும்போது சேரும் இடிபாடுகளை அகற்ற டம்ப்ஸ்டரை, அதாவது லாரியில் கொண்டுவந்து வைக்கப்படும் பெரிய குப்பைத் தொட்டியை, நியாயமான வாடகைக்கு எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக 10, 20, 30, 40 கன கெஜ அளவுகளில் கிடைக்கும் இவற்றுக்கு, சொல்லப்படும் வாடகைக்குள் எத்தனை டன் அடங்கும், அதைத் தாண்டினால் டன்னுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருக்கலாம், குப்பைக்கிடங்குக் கட்டணமும் சேர்ந்ததா என்பவற்றை எழுத்தில் பெற்ற பிறகே விலைகளை ஒப்பிட வேண்டும்.

எதிர்பாராத செலவு பெரும்பாலும் எடையில்தான் வருகிறது. கெட்டியான கான்கிரீட் ஒரு கன கெஜத்துக்கு ஏறத்தாழ 2 டன் இருக்கும் என்பதால், பெரிய தொட்டியை அதனால் நிரப்பினால் லாரியால் தூக்கவே முடியாது. கான்கிரீட்டை மரம், ஜிப்சம் பலகை ஆகியவற்றோடு கலக்காமல் சிறிய தொட்டியில் தனியே சேர்த்தால், மறுசுழற்சி நிலையங்கள் பல இடங்களில் குறைந்த கட்டணத்துக்கே ஏற்றுக்கொள்ளும். இதைத் தயங்காமல் கேளுங்கள். தெருவில் வைப்பதானால் நகராட்சி அனுமதியும் தேவைப்படலாம்.