மூக்கடைப்போடு கடலுக்குள் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஐந்து ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு துணை வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம். அங்கே மூன்று நாள் ஸ்கூபா பயிற்சிக்குப் பதிவு செய்திருக்கிறேன். கடைசி நாள் காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு, மாலை விமானத்தில் திரும்புவதாகத் திட்டம். எனக்கு அடிக்கடி சளி பிடித்து மூக்கடைக்கும். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் மூழ்கினாலே இடது காது வலிக்கும். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? அப்பாவுக்கு 69 வயது, அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. ஆனால் நன்றாக நீந்துவார். ‘ஸ்நார்க்கெல்தானே, எனக்கொன்றும் ஆகாது’ என்கிறார். அவரை விடலாம் அல்லவா?

பதில்: காதுக்குப் பிறகு வருகிறேன். முதலில் விமான டிக்கெட்டை மாற்றுங்கள்.

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகும் மணிக்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். அவசரப்பட்டு ஏறினால், சோடா மூடியைத் திறந்ததுபோல மிச்சமிருக்கும் வாயு உடம்புக்குள் குமிழிகளாகக் கிளம்பக்கூடும். மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு பாதிப்பு வரை கொண்டுபோய் விடும் நோய் அது. ஒரே ஒரு முறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். நீங்கள் இரண்டாவது வகை. நான் 24 என்றே சொல்வேன். கடைசி நாளைக் கரையில் கழித்தால் குடி முழுகிவிடாது. தீவின் நடுவே உயரமான மலை இருந்து, வண்டியில் உச்சிக்குப் போய்வர ஆசைப்பட்டாலும் முன்னெச்சரிக்கை தேவை.

இனி காது. கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டலமாக இருக்கும் அழுத்தம், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டாகிறது. அங்கே நடுச்செவிக் காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அதற்குக் கீழே இன்னொரு 10 மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவுதான். ஆழம் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் காதைப் பொறுத்தவரை மேலே இருக்கும் அந்த முதல் சில மீட்டர்கள்தான் பொல்லாதவை. நீச்சல் குளத்திலேயே உங்கள் காது அதைச் சொல்லிவிட்டது.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேகியன் குழாய், எச்சில் விழுங்கும்போது திறந்து காற்றை உள்ளே விடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினாலும் திறக்கும். இத்தாலிய உடற்கூறியலாளர் வல்சால்வா 1704இல் எழுதிவைத்த உத்தி இது. அவர் சொன்னது காதிலிருந்து சீழை வெளியேற்றுவதற்காக. இன்று கடலுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி மூக்கைப் பிடிக்கிறார்கள். வலி வந்த பிறகு ஊதிப் பயனில்லை. அதற்குள் வெளியழுத்தம் குழாயின் வாயை அமுக்கிப் பூட்டிவிடும். தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, திடீரென வலி நின்றுபோனால் மகிழ வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கலாம். குளிர்ந்த நீர் உள்ளே போய்ச் சமநிலை உறுப்பைத் தொட்டால், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தலை சுற்றும்.

மாத்திரை விஷயத்துக்கு என் பதில், வேண்டாம். சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். உங்களுக்கு அதுவே போதுமான காரணம். இன்னொன்றும் உண்டு. மருந்தின் வேகத்தில் காது திறந்து நன்றாக இறங்கிவிடுவீர்கள். கீழே இருக்கும்போது வேகம் தணிந்து குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே புகுந்த காற்று மேலே வரும்போது விரிந்து, வெளியேற வழியின்றி முட்டும். காது அடைத்தால் இறங்காமல் இருந்துவிடலாம். ஏறாமல் இருக்க முடியுமா? சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும்.

போவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கருவியின் வெளிச்சத்தில் நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில், கீழ்ப்புறம் ஒரு சின்ன ஒளி முக்கோணத்தோடு தெரியும். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்வார். அந்தச் சவ்வு மெல்லப் புடைத்து அடங்கினால் பெரும்பாலும் குழாய் வேலை செய்கிறது. இடது காதில் அசைவே இல்லையென்றால் காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் கடல்.

உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, இதயப் பரிசோதனையும் சரியாக இருந்தால் அம்லோடிபின் தடையில்லை. பயிற்சிக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவரா என்றே ஒரு கேள்வி இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கீழே இருக்கும்போது எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள். நுரையீரல் நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டர் ஏறுவதுகூட அதைக் கிழித்துவிடப் போதுமானது. மாஸ்க்குக்குள் அவ்வப்போது மூக்கால் ஊதவும் மறக்க வேண்டாம். மறந்துபோய், இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பாக என்னிடம் வந்தார் ஒருவர். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் போனார்.

உண்மையில், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அப்பாதான்.

உடம்பு நீரில் மூழ்கியதும் கால்களில் இருக்கும் ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. இதயத்துக்கு அது கூடுதல் சுமை. முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடி ஸ்நார்க்கெல் குழாய் வழியே மூச்சிழுப்பதில் ஒரு தடை இருப்பதால், மார்புக்குள் உறிஞ்சும் விசையும் கூடுகிறது. துணை வெப்பமண்டலக் கடலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. மேலே வெயில் முதுகைச் சுடும். கீழே தண்ணீர், குளிர் மாதங்களில், நினைத்ததைவிடச் சில்லென்றிருக்கும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் இன்னும் ஏறும். இவையெல்லாம் சேர்ந்தால், ரத்த அழுத்தம் உள்ள முதியவருக்கு ஒரு வாய் கடல்நீர்கூட உள்ளே போகாமலே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கும், இருமல் வரும், சில சமயம் இளஞ்சிவப்பு நுரை வரும். நீச்சல் தெரிந்திருப்பது இதைத் தடுக்காது. தத்தளிப்பவர் கையை ஆட்டுவார் என்று நினைக்கிறோம். ஸ்நார்க்கெல் போட்டவர் குப்புறத்தான் மிதப்பார், நினைவு போன பிறகும் அப்படியேதான் மிதப்பார். கரையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அப்பாவைத் தடுக்கச் சொல்லவில்லை. ஈசிஜியும், அவருடைய மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் முடியட்டும். அகலமான, சாதாரணக் குழாயை வாங்குங்கள். நின்றால் மார்பளவு இருக்கும் நீரில் முதலில் பழகட்டும். கை எட்டும் தூரத்தில் ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மீனை அல்ல. மூச்சு வாங்கினால் உடனே மல்லாந்து, மாஸ்க்கையும் குழாயையும் கழற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ‘கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும்’ என்று நீரிலேயே நிற்கக் கூடாது. வெளியே வந்ததும் ஆக்சிஜன், பிறகு மருத்துவமனை. அந்தப் பயணத்தில் மறுபடி கடல் கிடையாது.

உங்களுக்கும் ஒன்று. இறங்கிய ஒரு நாளுக்குள் மூட்டு வலி, மரமரப்பு, தோலில் திட்டு, காரணமில்லாத அசதி எது வந்தாலும் பயணக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாக ஸ்கூபா செய்ததைச் சொல்லுங்கள். அந்தக் குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த ஆக்சிஜன் அறை அருகில் எங்கே இருக்கிறது என்று போன அன்றே பயிற்றுநரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

கூடவே, சளி பிடித்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்ற முடியுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். அடைத்த காதோடு இறங்கியதாக என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், பணம் வீணாகிவிடுமே என்றுதான் இறங்கியிருக்கிறார்கள்.